ஹம்பக்கர் பிக்கப் மாற்றம்: ஒப்பீடுகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஹம்பக்கர் என்பது மின்கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் இரட்டைச் சுருள் பிக்கப் ஆகும். கிட்டாருடன் வந்த ஹம்பக்கரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது, மின்கிட்டாரில் செய்யப்படும் மாற்றங்களில் மிகப் பரவலானவற்றுள் ஒன்று. இதையொட்டி ஒப்பீட்டுப் பதிவுகள், அளவீட்டுப் பட்டியல்கள், வர்ணனைகள் எனப் பெரியதொரு பேச்சுலகம் உருவாகியுள்ளது. பிக்கப் மாற்றினால் ஒலி மாறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மாற்றத்தை விளக்கப் பயன்படும் எண்களும் சொற்களும் ஒப்பீட்டு முறைகளும் பெரும்பாலும் பிழையானவை. ஒரு மாணவர் தன் மாதச் செலவுப் பணத்தைப் போட்டு வாங்கும் பொருள் இது. ஆகவே அந்தப் பிழைகளைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

தோற்றமும் நோக்கமும்

ஒற்றைச் சுருள் பிக்கப், தந்தியின் அதிர்வோடு அருகிலுள்ள மின்மாற்றிகளும் மின்கம்பிகளும் உண்டாக்கும் காந்தப் புலத்தையும் சேர்த்து உள்வாங்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்சிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்சிலும், அவற்றின் மடங்குகளிலும் கேட்கும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இதுவே. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் செத் லவர் இதற்குக் கண்ட தீர்வுக்கு 1955 ஜூன் மாதம் காப்புரிமை விண்ணப்பம் அளிக்கப்பட்டது. உரிமை 1959 ஜூலையில் கிடைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவர் கிரெட்ச் நிறுவனத்துக்காக ஃபில்டர்ட்ரான் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார்.

தத்துவம் எளியது. இரு சுருள்கள் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்படுகின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாகத் தூண்டப்படுவதால் ஒன்றையொன்று நீக்கிவிடுகிறது. காந்த முனைகளும் இரு சுருள்களில் எதிரெதிராக இருப்பதால் தந்தியின் குறிகை இருமுறை திருப்பப்பட்டு, நீங்காமல் கூடுகிறது.

இரைச்சலை நீக்குவதே இந்த வடிவமைப்பின் நோக்கம். இன்று புகழப்படும் அடர்த்தியான ஒலி அதன் துணைவிளைவு. இரு சுருள்கள் தொடராக இணையும்போது மின்தூண்டல் எண் கூடுகிறது. தந்தியின் இரு வேறு இடங்களை ஒரே நேரத்தில் 'கேட்பதால்' மிக உயர்ந்த மேற்சுரங்களில் சில தேய்கின்றன. ஒரு சுருளின் மேல் தெரியும் ஆறு திருகுகள்கூட லவரின் காப்புரிமை வரைபடத்தில் இல்லை. விற்பனைப் பிரிவினருக்குப் பேசுவதற்கு ஓர் அம்சம் வேண்டும் என்பதற்காகவே அவை சேர்க்கப்பட்டதாக லவர் பின்னாளில் கூறியிருக்கிறார். விற்பனைப் பேச்சு இந்தப் பொருளோடு பிறந்தது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

பி.ஏ.எஃப். என்னும் தொன்மம்

1957 முதல் ஏறத்தாழ 1962 வரை கிப்சன் ஹம்பக்கர்களின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்ற பொருளுடைய ஆங்கில வாசகம் ஒட்டப்பட்டிருந்தது. அதன் முதலெழுத்துகளே பி.ஏ.எஃப். பின்னர் வந்த ஒட்டியில் காப்புரிமை எண் இடம்பெற்றது. ஆனால் அது பிக்கப்பின் எண் அன்று. லெஸ் பால் பெற்றிருந்த தந்திப் பிடிப்பான் ஒன்றின் காப்புரிமை எண்.

இந்தப் பிக்கப்கள் 42 ஆம் எண் எனாமல் செம்புக் கம்பியால், சுருளுக்குச் சுமார் 5000 சுற்றுகள் என்ற அளவில் சுற்றப்பட்டவை. ஆனால் சுற்று எண்ணிக்கை பிக்கப்புக்குப் பிக்கப் வேறுபட்டது. அல்நிக்கோ காந்தங்களிலும் ஒரே வகை பயன்படவில்லை. கையிருப்பில் இருந்தவை பொருத்தப்பட்டன. பிளாஸ்டிக் சட்டங்களின் நிறம்கூடக் கிடைத்ததைப் பொறுத்துக் கறுப்பாகவோ பழுப்பு வெள்ளையாகவோ அமைந்தது. அளந்து பார்க்கப்பட்ட பழைய பிக்கப்களின் மின்தடை ஏறத்தாழ 7 முதல் 9 கிலோஓம் வரை பரந்து கிடக்கிறது.

ஆகவே 'அசல் பி.ஏ.எஃப். ஒலி' என்று ஒற்றை ஒலி இருக்க முடியாது. ஒரு தயாரிப்பாளர் 'அப்படியே நகலெடுத்தது' என்று சொல்லும்போது, தன் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு மாதிரியை நகலெடுத்திருக்கிறார் என்பதே பொருள். மேலும், 1958–1960 காலத்து லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிட்டார் தன் காலத்தில் போதுமான அளவு விற்காமல் நிறுத்தப்பட்டது. 1960களின் நடுவில் எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், மைக் புளூம்ஃபீல்டு போன்றோர் கையில் எடுத்த பிறகே அது புகழ்பெற்றது. அவர்கள் ஒலியில் பிக்கப்புக்கு இணையாக, உச்சத்தில் வைக்கப்பட்ட வால்வு ஆம்ப்ளிஃபையருக்கும் ஒலிபெருக்கிக்கும் விரல்களுக்கும் பங்குண்டு. ஒரு நீண்ட சங்கிலியின் பெருமை முழுவதையும் அதன் ஒரு கண்ணிக்கு எழுதிவைத்ததே இந்தத் தொன்மத்தின் அடிப்படைக் குறை.

மாற்றுப் பிக்கப்களின் எழுச்சி

1972இல் லாரி டிமார்சியோ வெளிக்கொணர்ந்த சூப்பர் டிஸ்டார்ஷன், மாற்றிப் பொருத்துவதற்கென்றே விற்கப்பட்ட முதல் பிக்கப்களில் புகழ்பெற்றது. செராமிக் காந்தமும் கூடுதல் சுற்றுகளும் கொண்டது. 1976இல் சீமோர் டங்கன் கலிபோர்னியாவில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெஃப் பெக்குக்காக அவர் செய்த பிக்கப்பின் வழிவந்த ஜே.பி. வகையும், பி.ஏ.எஃப். வழிவந்த '59 வகையும் இன்றும் ஒப்பீடுகளில் அடிக்கடி எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன.

அந்தக் காலத்தில் வலுவான பிக்கப்புக்கு ஒரு தெளிவான தேவை இருந்தது. அன்றைய ஆம்ப்ளிஃபையர்களில் முன்பெருக்கம் குறைவு. ஒலி கரகரத்து நீள வேண்டுமானால், உள்ளே செல்லும் குறிகையே பெரிதாக இருக்க வேண்டும். இன்று சாதாரண ஆம்ப்ளிஃபையரிலும் பல பெருக்கக் கட்டங்கள் உள்ளன. ஒரு சிறிய பெடலோ கணினி மென்பொருளோ எந்தப் பிக்கப்பும் தர இயலாத அளவு பெருக்கத்தைத் தந்துவிடும். தேவை மறைந்த பின்னும் 'அதிக வெளியீடு' என்ற விளம்பரச் சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்று ஒருவர் வலுவான பிக்கப்பை வாங்கினால், அவர் உண்மையில் வாங்குவது வலுவை அன்று. அந்த வலுவோடு சேர்ந்து வரும் அதிர்வெண் சாயலை. இதைத் தெளிவாகச் சொல்லும் ஒப்பீடுகள் மிகக் குறைவு.

மின்தடை எண்ணின் மாயை

விற்பனைப் பக்கங்களில் முதலில் கண்ணில் படுவது நேர்மின்தடை. 8 கிலோஓம் என்றால் 'பழைய பாணி', 16 கிலோஓம் என்றால் 'காரம்' என்று வாசிக்கப்படுகிறது. இந்த வாசிப்பு இரு காரணங்களால் பிழையானது.

முதலாவது, கம்பியின் பருமன். '59 வகையில் பி.ஏ.எஃப். போலவே 42 ஆம் எண் கம்பி. விட்டம் சுமார் 0.063 மி.மீ. ஜே.பி. வகையில் 44 ஆம் எண் கம்பி. விட்டம் சுமார் 0.05 மி.மீ. மெல்லிய கம்பிக்கு அதே நீளத்தில் ஏறக்குறைய 1.6 மடங்கு மின்தடை. எனவே 44 ஆம் எண் கம்பியின் 16.4 கிலோஓம், 42 ஆம் எண் கம்பியின் கணக்கில் சுமார் 10 கிலோஓமுக்குத்தான் சமம். 8உடன் ஒப்பிட்டால் சுற்றுகள் ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகம், அவ்வளவே. மற்றவை சமமானால் குறிகையில் கிடைக்கும் கூடுதல் சுமார் 2 டெசிபல். எண் இரட்டிப்பாகத் தெரிகிறது. காதில் விழுவது இரட்டிப்பு அன்று.

இரண்டாவது, வெப்பம். செம்பின் மின்தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயரும். 20 பாகையில் 8.0 கிலோஓம் காட்டும் பிக்கப், 35 பாகையில் சுமார் 8.5 காட்டும். குளிரூட்டிய அறையிலிருந்து சென்னையின் சித்திரை வெயிலுக்குக் கிட்டாரை எடுத்துவந்தாலே 'பழைய பாணி' பிக்கப் 'சற்றுச் சூடான' பிக்கப்பாக மாறிவிடும். இரு பிக்கப்களுக்கு இடையே 0.3 கிலோஓம் வேறுபாட்டை வைத்து நடக்கும் விவாதங்களை இந்த ஒரு கணக்கே முடித்துவைக்கப் போதுமானது.

மின்தடை பயனற்ற அளவு என்று கூறுவதற்கில்லை. சுருள் அறுந்துள்ளதா, குறுக்கிணைப்பு உள்ளதா என்று சோதிக்க அதுவே முதற்கருவி. ஒலியைக் கணிக்கும் எண்ணாக அதைக் கொள்வதுதான் தவறு.

ஒலியைத் தீர்மானிப்பவை

சாயலை நேரடியாகச் சொல்வது மின்தூண்டல் எண். பிக்கப்பின் தூண்டலும், சுருளும் கேபிளும் சேர்ந்த மின்தேக்குத்திறனும் இணைந்து ஓர் ஒத்ததிர்வு முகட்டை உண்டாக்குகின்றன. அந்த முகட்டுக்கு மேல் ஒலி விரைவாகத் தேயும்.

பி.ஏ.எஃப். வகையின் தூண்டலைச் சுமார் 4.4 ஹென்றி என்றும், ஜே.பி. போன்ற வலுவான வகையினதைச் சுமார் 8 ஹென்றி என்றும் கொள்வோம். கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட், நீளம் 5 மீட்டர், சுருளின் சொந்தப் பங்கு 100 பிகோஃபாரட் எனில் மொத்தம் 600. முதலாவதன் முகடு சுமார் 3100 ஹெர்ட்சில் அமையும். இரண்டாவதன் முகடு சுமார் 2300 ஹெர்ட்சில் அமையும். ஒன்று கணீரென்றும் மற்றொன்று நடுச்சுரம் திரண்டும் கேட்பதன் காரணம் இதுவே. வேறுபாடு உண்மையானது, அளக்கத்தக்கது.

இப்போது பிக்கப்பை மாற்றாமல் கேபிளை மட்டும் 8 மீட்டர் ஆக்கினால், அதே 4.4 ஹென்றி பிக்கப்பின் முகடு சுமார் 2500 ஹெர்ட்சுக்கு இறங்குகிறது. 3 மீட்டர் கேபிளில் சுமார் 3800க்கு ஏறுகிறது. பல ஆயிரம் ரூபாய் பிக்கப் செய்யும் இடமாற்றத்தில் பெரும்பகுதியைச் சில நூறு ரூபாய் கேபிள் செய்துவிடுகிறது. எந்தக் கேபிளில் பதிவு செய்யப்பட்டது என்று சொல்லாத ஒப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகர் இதிலிருந்து முடிவு செய்துகொள்ளலாம்.

வால்யூம் பாட்டின் மதிப்பும் முக்கியம். ஹம்பக்கருக்கு வழக்கமாக 500 கிலோஓம் பாட் பொருத்தப்படும். அந்த இடத்தில் 250 இருந்தால் முகடு தட்டையாகி ஒலி மங்கும். 'இந்தப் பிக்கப் மந்தமாக இருக்கிறது' என்ற குறையின் உண்மையான காரணம் சில வேளைகளில் அதன் பின்னாலிருக்கும் பாட்தான்.

ஒப்பீட்டுப் பதிவுகளின் குறைகள்

பிக்கப் ஒப்பீட்டுப் பதிவுகளில் நான்கு குறைகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

ஒன்று, ஒலியளவு சமன் செய்யப்படாமை. இரு ஒலிகளில் சற்றே உரத்தது 'முழுமையானது', 'உயிருள்ளது' என்று காதுக்குத் தோன்றும். உரத்த பிக்கப் எல்லா ஒப்பீட்டிலும் வெல்வதன் பாதி இரகசியம் இது.

இரண்டு, உயரம். தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியில் அரை மில்லிமீட்டர் மாறினாலும் வலுவும் சாயலும் மாறும். கடைசி ஃபிரெட்டை அழுத்தியபடி அளந்தால் பிரிட்ஜ் பக்கம் சுமார் 1.6 மி.மீ., கழுத்துப் பக்கம் சுமார் 2.4 மி.மீ. என்பது கிப்சன் தரும் தொடக்க அளவு. புதிய பிக்கப்பைப் பொருத்துபவர் அதைக் கவனத்தோடு உயர்த்தி இறக்கிச் சரிசெய்கிறார். பழையதற்கு அந்த மரியாதை ஒருபோதும் கிடைத்திருக்காது.

மூன்று, தந்திகள். பிக்கப்பை மாற்றத் தந்திகளைக் கழற்ற வேண்டும். கழற்றிய பின் பெரும்பாலும் புதியவற்றையே பூட்டுவார்கள். 'புதிய பிக்கப்பின் பிரகாசம்' எனப் பாராட்டப்படுவதில் ஒரு பங்கு புதிய தந்திகளுக்கு உரியது.

நான்கு, நினைவு. கழற்றி, பற்றவைத்து, தந்தி பூட்டிச் சுருதி சேர்க்க ஒரு மணி நேரமாவது ஆகும். ஒலிச்சாயலின் நுண்மையை அவ்வளவு நேரம் காது நினைவில் வைத்திருப்பதில்லை. அந்த இடைவெளியை எதிர்பார்ப்பும் செலவழித்த பணமும் நிரப்பிவிடுகின்றன.

இவற்றுக்குத் தீர்வு கடினமானதன்று. புதிய தந்தி பூட்டி, உயரம் அளந்து, ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் நேரடியாகக் கணினியில் சில வரிகளைப் பதிந்துகொள்ள வேண்டும். மாற்றிய பின் அதேபோல் மீண்டும் புதிய தந்தியோடு பதிந்து, இரண்டையும் ஒரே அமைப்பின் வழியே செலுத்தி, ஒலியளவைச் சமன் செய்து, எது எதுவென்று அறியாமல் கேட்க வேண்டும். வரிசையைக் கலைத்துப்போட ஒரு நண்பர் போதும்.

இதற்கு எதிராக, 'வாசிப்பவரின் விரல் உணர்வது பதிவில் வராது' என்று கூறப்படுவதுண்டு. இக்கூற்றில் உண்மை உண்டு. வலுவான குறிகை ஆம்ப்ளிஃபையரை முன்னதாகவே நெரிக்கும்போது, மெல்லிய மீட்டலுக்கும் வன்மையான மீட்டலுக்கும் உள்ள இடைவெளி சுருங்குவதை விரல் உணரும். ஆனால் ஆம்ப்ளிஃபையரின் கெயின் திருகியைச் சற்றே கூட்டியும் அதே உணர்வை நெருங்க முடியுமா என்று சோதித்த பிறகே அதைப் பிக்கப்பின் தனிச்சிறப்பாகக் கொள்ள வேண்டும்.

பொருத்துதலில் உள்ள இடர்கள்

நான்கு கம்பி வெளிவரும் ஹம்பக்கர்களில் நிறக்குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சீமோர் டங்கனில் கறுப்பு குறிகைக்கும், பச்சை நிலத்துக்கும் உரியவை. சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக இணையும். டிமார்சியோவில் சிவப்பு குறிகைக்கும், பச்சை நிலத்துக்கும். கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக இணையும். இரு நிறுவனங்களின் பிக்கப்களை ஒரே கிட்டாரில் கலந்து பொருத்தினால், நடு நிலையில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து ஒலி மெலிந்து மூக்கடைத்ததுபோல் ஆகலாம். பலர் இதைப் பிக்கப்பின் குறை என்று எண்ணித் திருப்பி விற்றுவிடுகிறார்கள். சரிசெய்ய இரு கம்பிகளை இடம் மாற்றினாலே போதும்.

இதே 'கோளாறு' வரலாற்றில் புகழும் பெற்றது. பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால் கிட்டாரின் நடு நிலை ஒலி இத்தகையது. கழுத்துப் பக்கப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக அமைந்ததே காரணம் எனப் பொதுவாக ஏற்கப்படுகிறது. அந்தக் கிட்டார் பின்னர் கேரி மூரிடமும், அவருக்குப் பின் கிர்க் ஹாமெட்டிடமும் சென்றது. அதைச் சரிசெய்யலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழைய கிட்டார்களில் இடர் இன்னும் பெரிது. தொழிற்சாலையில் வைத்த பற்றுகளை உருக்கிவிட்டால் அவை மீளா. 1960களில் பிரகாசம் வேண்டிப் பிக்கப்பின் உலோக மூடிகளைக் கழற்றி எறிந்தவர்கள் பலர். இன்று அந்த மூடிகளுக்கே தனிச் சந்தை உள்ளது. அவ்வளவு பழையதல்லாத கிட்டாராயினும், கழற்றிய பிக்கப்பையும் திருகுகளையும் பெயரெழுதி எடுத்துவைப்பது நல்ல வழக்கம்.

மாற்றுவது தகும் இடங்கள்

இவ்வளவு ஐயங்களுக்குப் பின்னும் மாற்றம் முற்றிலும் நியாயமாகும் நிலைகள் உள்ளன. சுருள் அறுந்துபோவது முதலாவது. கழுத்துப் பக்கப் பிக்கப் உயரத்தை இறக்கிய பின்னும் குழம்பிய ஒலி தந்தால், குறைந்த தூண்டலுடைய ஒன்று உண்மையான தீர்வு. ஒரு சுருளை மட்டும் பிரித்து வாசிக்க விரும்புபவருக்கு நான்கு கம்பிப் பிக்கப் தேவை. ஆனால் பிரித்த நிலையில் இரைச்சல் திரும்பி வரும் என்பதையும், அது ஃபெண்டர் ஒற்றைச் சுருளின் ஒலியாக ஆகிவிடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

அதிகப் பெருக்கத்தில் பிக்கப் கீச்சிடுவது இன்னொரு நிலை. சுருளின் கம்பிகள் தளர்ந்து தாமே அதிர்வதால் இது நேர்கிறது. எட்டி வான் ஹேலன் தன் கிட்டாரில் பொருத்திய கிப்சன் பிக்கப்பை உருகிய பாரஃபின் மெழுகில் முக்கியெடுத்து இதைத் தீர்த்தார். 1978இல் வெளிவந்த முதல் தொகுப்பில் ஒலிப்பது அவ்வாறு பதப்படுத்திய பிக்கப்தான். பிக்கப்பை மாற்றாமலே தீரும் குறைக்கு இது நல்ல சான்று.

தந்தியைத் தொட்டதும் அடங்கும் இரைச்சல் பெரும்பாலும் கவசமின்மையாலும் நில இணைப்புக் கோளாறாலும் வருவது. அதற்காக ஹம்பக்கர் வாங்குவது, கூரை ஒழுகுவதற்குச் சுவருக்கு வண்ணம் அடிப்பதைப் போன்றது.

மதிப்பீடு

பிக்கப் பற்றிய எழுத்தில் 'இதம்', 'வெண்ணெய்', 'காற்றோட்டம்' போன்ற சொற்கள் குவிந்து கிடக்கின்றன. எந்தத் தந்தியில், எந்த ஃபிரெட்டில், எந்த ஆம்ப்ளிஃபையரில், எவ்வளவு பெருக்கத்தில் என்ற நான்கும் சேராவிட்டால் அச்சொற்களுக்குப் பொருளில்லை. தூண்டல், ஒத்ததிர்வு முகடு, காந்த வகை, அளந்த உயரம் ஆகியவற்றைத் தரும் ஒப்பீடு வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் வாசகர் அதைத் தன் கிட்டாருக்குப் பொருத்திப் பார்க்க முடியும்.

வரிசை தெளிவானது. முதலில் உயரம், பிறகு தந்தி, கேபிள், பாட், இறுதியாகப் பிக்கப். முதல் படிக்குத் தேவை ஒரு திருப்புளி மட்டுமே. இந்தப் படிகளை முடித்த பின்னும் குறை அப்படியே நின்றால், அது என்ன குறை என்பது அதற்குள் வாசிப்பவருக்குத் தெளிவாகியிருக்கும். அப்போது வாங்கப்படும் பிக்கப் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றம் தருவது, எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் வாங்கப்படும் பிக்கப்தான். அது எவ்வளவு சிறந்ததாயினும், சில மாதங்களில் அடுத்த பிக்கப்புக்கு இடம் விட்டுவிடும்.